சாய்ந்த தலையின் அழகு

தென்பெண்ணையின் நீர்ப்பரப்பில் அந்திச் செம்மை கரைந்து, கீழ்வானில் எழுந்த முழுநிலா கருங்குன்றக் கோட்டையின் கொத்தளங்களை வெள்ளியால் மெழுகிக்கொண்டிருந்த அந்த எழில்மிகு வேளையில், மேல்மாடத்துத் தூணைப் பற்றியபடி ஏழு வயது இளவரசன் சேந்தன் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான்.

அன்பார்ந்த வாசகர்களே, பிள்ளைக்கு ஒரு மாதமாகத் தலைவலி. வைகறையில் வலி தாளாமல் விழிப்பான்; உண்ணாமலே வாந்தியெடுப்பான்; நடந்தால் தள்ளாடுவான். வாட்பயிற்சிக்குப் பயந்து நடிக்கிறான் என்றார்கள். பிறகு அவன் தலை இடப்புறம் சாயத் தொடங்கியது. என்னே அரச மிடுக்கு என்று ஆஸ்தானக் கவிராயர் பாடிவிட்டார்! உடனே அமைச்சர் முதல் வாயிற்காவலன் வரை அத்தனை பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு திரிந்தார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்! பிள்ளை ஏன் அப்படிச் சாய்க்கிறான் என்று ஒருவராவது கேட்டாரா?

பூத்தொடுக்கும் உமைநங்கைதான் கேட்டாள்.

"நேரே பார்த்தால் நிலா இரண்டு தெரிகிறது, அக்கா. சாய்த்தால் ஒன்றாகிவிடும்" என்றான் சேந்தன்.

அவள் சீறித் திரும்பினாள். எதிரே நின்றவன் தளபதி கொற்றன், இளவரசனின் தாய்மாமன், அவளிடம் நெஞ்சைப் பறிகொடுத்தவன். அவன் தலையும் சாய்ந்தே இருந்தது.

"முதலில் தலையை நிமிர்த்துங்கள், தளபதியாரே!"

"நங்காய்! யாரிடம் பேசுகிறாய்?"

"மருமகனைச் சாகவிடும் மாமனிடம்! தலைவலி எல்லாமே ஆபத்தல்ல. விடியலில் வலி, வாந்தி, தள்ளாட்டம், இரட்டைக் காட்சி இவையெல்லாம் கூடினால், மண்டைக்குள் ஏதோ வளர்ந்து நெருக்குகிறது என்று பொருள். ஒரு நாளும் தாமதிக்கலாகாது!"

"அரண்மனை வைத்தியர் பித்தம் என்றாரே?"

"அவர் பிள்ளையைத் தொட்டாவது பார்த்தாரா? கபாலம் திறந்து காக்க வல்லவர் ஒருவரே. அக்கரைப் பாசறையில் இருக்கிறார்."

"பகைவன் பாசறையிலா? உனக்கெப்படித் தெரியும்?"

"அவர் என் தந்தை. இக்கோட்டையின் சுரங்க வழியை வேவு பார்க்க வந்தவள் நான். என் தலையைக் கொய்துகொள்ளுங்கள். அதற்குமுன் பிள்ளையைப் படகேற்றுங்கள்!"

கொற்றனின் கை வாளுக்குப் பாய்ந்தது. ஏமாற்றிய காதலிமேல் ஆத்திரம். குருடனாய் இருந்த தன்மேல் அதைவிட ஆத்திரம். சேந்தன் முனகினான். கொற்றன் வாளை விட்டான். பிள்ளையைத் தோளில் அள்ளினான்.

"கொற்றவைமேல் ஆணை! இவன் பிழைக்காவிடில் உன்னையும் விடேன், என்னையும் விடேன். பகைவனிடம் போக அமைச்சர் கோட்டை வாயிலைத் திறக்க மாட்டார்" என்று உறுமியவன், சுவரில் எரிந்த தீவட்டியைப் பிடுங்கினான்.

"சுரங்கத்தைத்தானே தேடினாய்? காட்டுகிறேன், வா!"