மஞ்சள் முறை

காலை ஆறே முக்காலுக்கு நெய்தலூர் அரசு மருத்துவமனையின் ஊழியர் வாசலில் வழக்கம்போல வரிசை நின்றது. ஒவ்வொருவராக மணிக்கட்டில் கட்டிய பட்டையை நீட்ட, அதில் பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. காய்ச்சல் வார்டின் பொறுப்புச் செவிலியர் பிலோமினாவுக்கு முன்னால் நின்ற ஆய்வகத்து வின்சென்டுக்கு மட்டும் மஞ்சள் எரிந்தது. அவர் திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

"கொடுத்து வச்ச மனுசன்" என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அரசு அந்தப் பட்டைக்கு வைத்த பெயர் முன்னறி காப்பு. மற்றவர்களுக்கு பேண்ட். நாடி, தோலின் சூடு, மூச்சு, தூக்கம் எல்லாவற்றையும் கவனித்து, காய்ச்சல் வர இரண்டு நாள் இருக்கும்போதே மஞ்சளாகிவிடும். மஞ்சள் விழுந்தவர் ஐந்து நாள் வீட்டில் தனியறையில் இருக்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முந்தைய தொற்றில் பிலோமினா தன்னோடு படித்த மூன்று பேரைப் பறிகொடுத்தவள். பேண்ட் வந்த பிறகு இங்கே ஒரு செவிலியர்கூடச் சாகவில்லை. அதனால் அவள் அதை ஒருநாளும் குறை சொன்னதில்லை, நான்கு வருடத்துக்கு முன்பு மற்ற விடுப்புகளையெல்லாம் அரசு ரத்து செய்தபோதுகூட. பச்சை என்றால் நலம், நலமென்றால் வேலை என்பது சட்டமாகியிருந்தது.

அன்று பத்து மணி வாக்கில் பாத்திரம் கழுவும் அறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே இசக்கியம்மாள், அவளிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ், முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஒன்பதாம் படுக்கைக்காரர் மிச்சம் வைத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு நேற்றுத்தான் தொற்று உறுதியாகியிருந்தது.

"என்னட்டி செய்த நீ?"

இசக்கி டம்ளரைக் கீழே வைத்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

"தூங்கணும்க்கா."

"அதுக்கு?"

"மஞ்சள் விழுந்தா அஞ்சு நாளு. வீட்டுலயும் யாரும் கிட்ட வரமாட்டாவ. பிள்ளையள அவுக அப்பா பாத்துக்கிடுவாரு. சாப்பாட்டக் கதவுகிட்ட வச்சிட்டுப் போயிருவாவ."

"காய்ச்சலோடயா தூங்குவ?"

"காய்ச்சல்லயும் தூக்கம் வருதேக்கா."

பிலோமினாவுக்குக் கோபம்தான் வந்தது. வேண்டுமென்று தொற்றை வாங்கினால் உரிமம் பறிபோகும். தெரிந்தும் சொல்லாதவளுக்கும் அதே கதி. ஆனாலும் அவள் தன் அறைக்குப் போய் முதலில் பணிப்பங்கீட்டு அலுவலகத்துக்குத்தான் போன் செய்தாள். இசக்கிக்கு இரண்டே நாள் ஓய்வு கேட்டாள்.

"பச்சைல்லா காட்டுது சிஸ்டர்?" என்றார் அங்கிருந்த அலுவலர்.

"தூக்கம் எவ்வளவுன்னு பாருங்க சார்."

"பாக்கேன். ஒரு மாசமா தினமும் நாலு மணி நேரத்துக்குக் கீழதான். ஆனா தொற்று இல்லையே. விடுப்புப் படிவத்துல நான் எந்தக் கட்டத்துல போடட்டும், நீங்களே சொல்லுங்க." அவர் கொட்டாவி விட்டது போனில் கேட்டது. "எனக்கும் அதே பேண்ட்தான் சிஸ்டர்."

அவள் போனை வைத்தபோது இசக்கி கதவருகே நின்றிருந்தாள்.

"மேலிடத்துக்கு எழுதப் போறியளா அக்கா?"

"எழுதாம? ஒனக்கு மூச்சுத் திணறுனா என்ன செய்வ? நோயாளிக்கு ஒட்டிட்டுன்னா?"

"ஒட்டுறதுக்கு முந்தியே பேண்டு எங்கள வெளிய அனுப்பிருதுல்லா. அத யோசிச்சுத்தான் செய்யுதோம்."

"செய்யுதோமா?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். "எழுதுனா பன்னெண்டு பேரையும் சேத்து எழுதணும். நாங்க முறை வச்சிருக்கோம்க்கா. ரெண்டு பேரு ஒண்ணா விழுந்தா வார்டு தாங்காது. அதான் ஒருத்தி வந்த பொறவு இன்னொருத்தி. மூச்சுக் கோளாறு இருக்கதால ராஜாத்திய மட்டும் சேக்கல. அவளும் தூங்கட்டும்னு அவ நைட் டூட்டிய நாங்க மாத்திக்கிடுதோம்."

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருடமாகத் தன் வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மஞ்சள் விழுந்ததே இல்லை. அதை மேலதிகாரிகள் பாராட்டியிருந்தார்கள். தன் நல்ல நிர்வாகம் என்றே அவளும் நம்பியிருந்தாள். கோபத்தைத் தேடிப் பார்த்தாள். எங்கேயோ இருந்தது, எழுந்து வரத்தான் மாட்டேனென்றது. செத்துப்போன மூவரின் முகங்களும் வந்தன. அவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒங்களுக்கும் ஒரு முறை போட்டு வச்சிருக்கோம்க்கா" என்றாள் இசக்கி மெல்ல. "எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தோம். கார்த்திகையில."

வெளியே யாரோ "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். இருவரும் அசையவில்லை. இது ஆவணி. பிலோமினா மாதங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அதுக்கு முந்தி ஒண்ணும் இல்லையாட்டி?" என்று கேட்டாள்.