வீமனுக்கு விசரில்லை

காலைத் தேநீரைச் சிரட்டையில் ஊற்றிக்கொண்டு வந்து, புகையிலைக் கொட்டிலுக்கு வெளியே நிலத்தில் வைத்துவிட்டு, இரத்தினம்மா நாலடி பின்னுக்குப் போய் நின்றாள்.

"எடுத்துக் குடி. குடிச்சிட்டுச் சிரட்டையை அங்கினையே எறிஞ்சு விடு."

சண்டிலிப்பாயில் அந்த வீட்டார் சாதி பார்த்துச் சிரட்டையில் யாருக்குத் தேநீர் கொடுத்து வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதை இங்கே நான் கிளறப் போவதில்லை. தாலி கட்டிக் கூட்டி வந்த பெண்ணுக்கே அந்தச் சிரட்டை வந்ததே, அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

"மச்சாள், வீமன் விடிய எழும்பித் தண்ணி குடிச்சவன். விசர் நாய் தண்ணி குடிக்குமே?" என்றாள் கொட்டிலுக்குள் இருந்த மீனாம்பிகை, புருஷனின் அக்காவிடம்.

"பிள்ளை இல்லையெண்டு நாயைப் பிள்ளையாக்கினாய்... இப்ப அதோடையே கிட."

சொல்லிவிட்டு இரத்தினம்மா திரும்பிப் போனாள். மீனாம்பிகையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்க அவளால் முடியாது. அதற்குக் காரணம் இருந்தது.

கலியாணமாகி வந்த வருஷம் வேலியோரம் கிடந்த குட்டியை எடுத்து மீனாம்பிகை வளர்த்த நாய்தான் வீமன். மூன்று நாளைக்கு முன் முற்றத்தில் நின்ற நாய் திடீரென்று சரிந்து விழுந்தது. கால் நாலும் விறைத்து, வாயில் நுரை தள்ளி, படுத்த படுக்கையில் ஓடுவது போலக் கால்களை அடித்தது. வலிப்பென்றால் கையில் இரும்பு கொடுக்கவேண்டும் என்பது இரத்தினம்மா கண்ட வைத்தியம். பாவம், இரக்கத்தில்தான் சாவிகள் கோத்த திறப்புக் கோர்வையோடு ஓடி வந்தாள். நாய்க்குக் கையா இருக்கிறது, வாய்க்குள் கொடுப்போம் என்று குனிந்தாள். "ஐயோ மச்சாள், கடிச்சுப்போடும்" என்று மீனாம்பிகை அவள் கையைத் தட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கிட்டிய பல் மீனாம்பிகையின் வலது கையில் இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து நாகலிங்கம் ஓடி வந்தான். மனைவி வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள்.

"தம்பி, உன்ரை மனிசி விசர் நாயின்ரை வாய்க்குள்ளை கையை விட்டிட்டாள்."

மீனாம்பிகை மச்சாளைப் பார்த்தாள். புருஷனும் போய், போக்கிடமும் இல்லாமல், தூக்கி வளர்த்த தம்பியை நம்பி இருக்கிறவள். உண்மையைச் சொன்னால் அவள் இந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு தின்பாள்? சொல்ல வந்ததை மீனாம்பிகை விழுங்கிவிட்டாள்.

ஆசுப்பத்திரியில் சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவி அனுப்பினார்கள். வெறி பிடித்த விசர் நாயின் கடிக்குப் போடும் ஊசி இல்லையாம். சண்டையால் பாதை பூட்டு, கப்பல் வந்தால்தான் வருமாம்.

மிருக வைத்தியர் செபநாயகம் அன்று பின்னேரமே சைக்கிளில் வந்தார். பற்றரிக்குத் தடை, ரோச் வெளிச்சம் அடிக்க வழியில்லை. நாயை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, கண்ணைக் கையால் பொத்தித் திறந்து, கருமணி சுருங்குகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு பாதத்தையும் மடக்கி வைத்து, நாய் தானாக நிமிர்த்துகிறதா என்று பார்த்தார்.

"வெளிநாட்டிலை மூளையைப் படம் பிடிக்கிற மெசின் இருக்கு, தங்கச்சி. இஞ்சை எக்ஸ்றே எடுக்கவே கரண்ட் இல்லை. எனக்கெண்டால் இது காக்கை வலிப்புப் போலைதான் கிடக்கு. ஆனால் ஒரு சொல்லிலை உங்கடை உயிரை வைக்கேலாது. கடிச்ச நாய் பத்து நாள் உயிரோடை இருந்தால் உங்களுக்குப் பயமில்லை. இடையிலை செத்தால், தலையைக் கொழும்புக்கு அனுப்பித்தான் பாக்கவேணும். பாதையோ பூட்டு. நாயைக் கட்டி வைச்சுக் கவனமாய்ப் பாருங்கோ. சாக மட்டும் விட்டிடாதையுங்கோ."

வலிப்புக்கு மனிதருக்குக் கொடுக்கிற அதே குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார். "தங்கச்சியோடை இருந்து சாப்பிட ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை" என்றும் சொன்னார். அதை யார் காதில் வாங்கினார்கள்? அன்றே மீனாம்பிகையின் பாய் கொட்டிலுக்கு வந்துவிட்டது.

காய்ந்த புகையிலை நெடியில் தலை சுற்றியது. வீட்டுக்குள் தேங்காய் துருவும் சத்தம், அக்காவும் தம்பியும் கதைக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. அவளோடு கதைக்கத்தான் ஆளில்லை. நாகலிங்கம் பொழுதுபட முன்னம் வந்து வாழையடியில் நிற்பான்.

"சாப்பிட்டியே?"

"ஓம்."

அவ்வளவுதான் அவர்கள் குடும்பம். அவன் போன பிறகு அவள் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுவாள். தண்ணீர் குடிக்கும்போது தன் தொண்டை இறுகுகிறதோ என்று ஒவ்வொரு மிடறிலும் பயந்தாள்.

பத்து நாளில் பாதிகூடப் போகவில்லை. ஒரு மத்தியானம் வீமனுக்குத் திரும்பவும் வலித்தது. நாய் தூணில் மோதும் சத்தம் கேட்டு நாகலிங்கம் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"விலத்து மீனா. உதை இண்டைக்கு முடிக்கிறன்."

"இவனை அடிச்சால், எனக்கு விசரில்லையெண்டு பிறகு ஆர் சொல்லுவினம்? சாகுமட்டும் இந்தக் கொட்டிலிலையே என்னை வைச்சிருப்பியளே?"

"நாயின்ரை வாய்க்குள்ளை கையை விடச்சொல்லி உனக்கு ஆர் சொன்னது?"

மீனாம்பிகை நாயின் பக்கம் குனிந்தாள். நாயின் தலை அடிபடாமல் தன் சேலைத் தலைப்பை மடித்துக் கீழே வைத்தாள். அடுக்களை வாசலில் நின்ற இரத்தினம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஓடி வந்து தம்பியின் கையைப் பிடித்தாள்.

"நான்தான் தம்பி... நான்தான் திறப்பைக் கொண்டு போனனான். என்னை விலத்தப்போய்த்தான் அவள் கடி வாங்கினவள். அது என்ரை கையிலை விழவேண்டிய கடி. இவ்வளவு நாளும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லையடா. நான் அவளுக்குச் சிரட்டையிலை ஊத்திக் குடுத்தனான்..."

அலவாங்கு கீழே விழுந்தது. நாய் மெல்ல அடங்கி, எழும்பி, தள்ளாடிப் போய் மீனாம்பிகையின் காலடியில் படுத்தது.

இரத்தினம்மா அடுக்களைக்குப் போனாள். இருந்த சோறு, கறி, குழம்பு எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுக்கொண்டு வந்து கொட்டிலுக்குள் சம்மாணமிட்டு இருந்தாள்.

"குழைச்சு உருட்டித் தா பிள்ளை. உன்ரை கையாலைதான் தரவேணும்."

"வேண்டாம் மச்சாள், நாள் முடியட்டும்."

"நாள் முடிஞ்சாப் பிறகு திண்டால் அதென்ன சாப்பாடு? தாடி."

கடி பட்ட கையால் மீனாம்பிகை குழைத்தாள். இரத்தினம்மா உள்ளங்கையில் வாங்கி, கண்ணீரும் சோறுமாக விழுங்கினாள். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடு" என்று விம்மினாள்.

"தம்பி, நீயும் வந்து இரு" என்று கூப்பிட்டாள் அக்கா.

நாகலிங்கம் கொட்டில் வாசல் வரைக்கும் வந்தான். "நாள் முடியட்டும் அக்கா" என்று சொல்லி வாழையடிக்குத் திரும்பிப் போனான்.

பத்து நாளும் முடிந்தது. செபநாயகம் வந்து வீமனைத் தடவிப் பார்த்து, "இது விசரில்லை. வலிப்புத்தான். குளிசையை விடாமல் குடுங்கோ" என்று சொல்லிப் போனார். நாகலிங்கம் தானே பாயைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான்.

அன்று மத்தியானம் அடுக்களையில் மீனாம்பிகை சோற்றைக் குழைத்து மச்சாளின் கையில் ஓர் உருண்டை வைத்தாள். பக்கத்தில் வந்து குந்திய நாகலிங்கமும் கையை நீட்டினான். அவள் சோற்றுச் சட்டியை மற்றப் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையிலை போட்டுச் சாப்பிடுங்கோ. எனக்கும் கொஞ்ச நாள் வேணும்."

இரத்தினம்மா தம்பிக்காக ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டினாள்.