பேய் மாளிகைக்குள்ள இருந்தேன் சார்

பிணத்தின் தலையில் ஹெட்செட் அப்படியே மாட்டியிருந்தது.

கழுத்தில் சார்ஜர் வயர். இறுக்கிய தடம் நீலமாய்...

செத்தவன் அதில் ஓடும் ஆட்டத்தை உருவாக்கியவன். ஹெட்செட்டைக் கண்ணை மறைக்கும்படி மாட்டிக்கொண்டால் பாழடைந்த மாளிகைக்குள் நிற்போம். புதிரை அவிழ்த்தால் கதவு திறக்கும். அவிழ்க்காவிட்டால் பேய் வரும். வெளியே பயப்பட ஒன்றும் மிச்சமில்லாததுபோல இதற்கும் ஆள் அலைகிறார்கள்.

பேயைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பின்னால் வந்த மனிதனைப் பார்க்கவில்லை.

அப்போது ஆபீஸில் அவனைத் தவிர இருந்தது இரண்டே பேர். வாசலில் வாட்ச்மேன். பக்கத்து அறையில் முதலாளி, செத்தவனின் மச்சான்.

வாட்ச்மேனை ஏற்கெனவே ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது. கேட்க ஆளில்லாதவனை ஏற்றுவது எப்போதுமே சுலபம்.

"பக்கத்து ரூம்ல கொலை. உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நானும் ஹெட்செட் மாட்டியிருந்தேன் சார். ஒரு மணி நேரமா பேய் மாளிகைக்குள்ள இருந்தேன். மெஷினைப் பாருங்க, ஓடினது பதிவாயிருக்கும்."

பார்த்தார். ஓடியிருந்தது.

"அவ்வளவு மெய்மறந்து போயிடுமா?"

"அதான் சார் இதோட பலமே. பேய் காதுக்குப் பின்னாடி மூச்சு விடும். பிடரி சிலிர்த்துக்கும். இடி விழுந்தாலும் தெரியாது."

"குறையே கிடையாதா?"

"புதிர் கொஞ்சம் சுலபம்னு சொல்றாங்க. வேற ஒண்ணுமில்ல."

மூலையில் நின்றிருந்தாள் செத்தவனின் மனைவி. முதலாளியின் கூடப்பிறந்த தங்கை. அழுது முடித்த முகம்.

"அண்ணா... அவர் கடைசியா செஞ்சது. ஒரு தடவை விளையாடிக் காட்டுண்ணா."

"இப்பவா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"புருஷனைப் பறிகொடுத்தவ கேக்கறேன்."

"இன்னொரு நாள் பாக்கலாம்மா."

"மாட்டுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "நானும் பாத்ததில்ல."

முதலாளி மாட்டினான். அவன் பார்ப்பது டிவியில் தெரிந்தது. இருட்டு நடை. தூரத்தில் ஒரு கதவு.

மாளிகைக்குள் நாலடி நடந்திருப்பான்.

கால் பின்னியது. நெற்றி வியர்த்தது. கை சுவரைத் தேடியது. பேய் இன்னும் வரவே இல்லை...

ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்தான். குடலே வந்துவிடும்போல வாந்தி.

"என்னம்மா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த ஆட்டத்துல நடந்தா தலை சுத்தும் சார். சிலருக்கு லேசா கிறுகிறுக்கும். இவனால ஒரு நிமிஷம் தாங்க முடியாது. ஒரு மணி நேரம் ஓடினது மெஷின் மட்டும்தான். இதைச் சரி பண்ணாம வெளியே விடக்கூடாதுன்னு அவர் ஒத்தைக்கால்ல நின்னார். வாங்கறவங்ககிட்டயே விஷயத்தை உடைச்சுடுவேன்னார்."

அண்ணன் தலையைத் தூக்கினான். "உனக்கு நான் ஒருத்தன்தாண்டி மிச்சம். தெரிஞ்சேதான் பண்ணியா?"

"தெரிஞ்சேதான். மச்சான்னு நம்பித்தானே உனக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்தார்?"

வாட்ச்மேனை இறக்கிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

காலியான இடத்தில் முதலாளி ஏறினான். இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

"ஜன்னலோரமா உக்காருங்க. ஸ்டேஷன் வரைக்கும் ரோடு குண்டும் குழியும்."