பின்சீட் பெல்ட்

அசைவு இருப்பதாகக் காருக்குள் மாட்டிய கேமரா சொன்ன ஒவ்வொரு முறையும் பின்சீட் காலியாகத்தான் இருந்தது. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

மருந்துக்கடையில் அவள் வேலையாக இருக்கும்போதுதான் போன் அதிரும். பதறிப்போய்ப் பார்த்தால், குடியிருப்பின் அடித்தளத்தில் நிறுத்திய கார் நிறுத்தியபடியே இருக்கும்.

"பூச்சியா இருக்கும். இல்ல, அந்த ட்யூப்லைட் மினுக்குதுல்ல, அதுவா இருக்கும்" என்றான் கணவன்.

"காலி சீட்டுக்கு எதுக்குங்க பெல்ட்?"

"மாட்டி வச்சா, பெல்ட் போடலன்னு வண்டி கத்தாது."

அவளுக்காகவே மெனக்கெட்டு கேமராவின் உணர்திறனைக் குறைத்தான், கண்ணாடியில் ஆடிய பொம்மையைக் கழற்றினான், வண்டியை வேறு விளக்கடிக்கு மாற்றினான். இந்தப் பழைய காரை வாங்கியதிலிருந்து தூக்கம் கெட்டுக் கிடந்த மனுஷன், போன வாரத்திலிருந்துதான் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறான். அவளுக்கு அதில் அத்தனை நிம்மதி.

ஆனாலும் போன் அதிர்வது நிற்கவில்லை. கேமரா மாட்டிய மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பொய் அலாரம் இல்ல இது. அசைவு முடிஞ்ச பிறகுதான் பதிவாகுது. முந்தின சில நொடியையும் சேர்த்துப் பிடிக்கற செட்டிங்கை யாரோ அணைச்சிருக்காங்க."

"தானா அணைஞ்சிருக்குமா?"

"சான்ஸே இல்ல. உங்க வீட்டு போன்ல இருந்துதான்."

வீட்டில் இருப்பது இரண்டே போன். எவளோ ஒருத்தி வண்டிக்கு வந்துபோகிறாள் என்றுதான் நினைத்தாள். கடையின் பின்னறையில் நின்று அழுதாள். பிறகு கணவனிடம் மூச்சு விடாமல் அந்த செட்டிங்கைப் போட்டுவிட்டாள்.

மறுநாள் மதியம் போன் அதிர்ந்தது. கடையிலிருந்து தெரிவது ஒரு படம் மட்டும்தான்; முழு வீடியோ வேண்டுமென்றால் வண்டிக்குப் பக்கத்தில் போக வேண்டும். சாயங்காலம் கணவனே சொன்னான்:

"வெளியில போலாமா? கதவைத் திறந்துவிட்டுட்டேன். நீ போய் உட்காரு, வந்துடறேன்."

ஈரச் சுவரின் நாற்றமும் பழைய ஆயிலின் வாடையும் கலந்த அடித்தளத்தில், எங்கோ குழாய் சொட்டும் சத்தம் தன் செருப்புச் சத்தத்தோடே கூட வர, அவள் போய் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவைத் திறந்தாள்.

கணவன் பின்கதவைத் திறக்கிறான். யாரையோ கைத்தாங்கலாக உட்காரவைப்பதுபோல் குனிகிறான். ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றி பெல்ட்டை இழுத்து மாட்டுகிறான்.

பெல்ட் இறுகுகிறது. தளர்கிறது. மறுபடி இறுகுகிறது.

மூச்சு.

பிறகு அவன் குரல், அவளைக் கொஞ்சும் அதே குரல்: "சாயங்காலம் கூட்டிட்டு வரேன். அவளை எடுத்துக்கோ. என்னை விட்டுடு."

இதற்கு ஒருத்தியே இருந்திருக்கலாம். அதைத் தாங்கியிருப்பாள்.

டக்கென்று கதவுகள் பூட்டிக்கொண்டன. வெளியே, தூணருகில், ரிமோட்டும் கையுமாக அவன். முகம் சுவர்ப்பக்கம்.

"என்னங்க!" கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. கண்ணாடியை அறைந்தாள். "என்னங்க, நான்தாங்க!"

அவன் தோள்கள் குலுங்கின. திரும்பவில்லை.

பின்னால் கொக்கி கழன்றது.

போன் அதிர்ந்தது. திரையில் அவள். அவளுக்குப் பின்னால், காலி சீட். தொங்கும் பெல்ட்.

அவள் போட்டிராத முன்சீட் பெல்ட் தோளுக்கு மேலாக மெல்ல, மிக மெல்ல இழுபட்டு, மார்புக்குக் குறுக்கே வந்து, மாட்டிக்கொண்டது.