வீடு பார்க்க வந்த சாட்சி

நாற்காலியில் சாய்ந்திருந்த மனிதர் தூங்கவில்லை என்பது வாசற்படியிலேயே இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துவிட்டது.

காலை பத்து மணி தாண்டியிருந்தது. முன்னறையில் நல்ல வெளிச்சம். பிரம்பு நாற்காலியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். காலில் கான்வாஸ் ஷூ, நாடா கட்டியபடி. சுவரோரம் கைத்தடி. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"வாத்தியார் சார்... சார்..." கூட வந்த வீட்டுத் தரகர் அவளைத் தாண்டிப் போய்த் தோளைத் தொட்டார். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. "ஐயோ மேடம்! என்ன மேடம் இது!"

"தொடாதீங்க. தள்ளி வாங்க."

குனிந்து கழுத்தில் விரல் வைத்தாள். சில்லிட்டிருந்தது. பின்மண்டையில் ஒரு புடைப்பு. நரைமுடியில் கொஞ்சம் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. வேறொரு காலமாக இருந்தால் அவள் நெஞ்சு ஒரு தரமாவது படபடத்திருக்கும். இப்போது தண்ணீர்க் குழாயில் விரல் வைத்ததுபோலத்தான் இருந்தது.

அவள் நீண்ட விடுப்பில் இருந்தாள். கணவன் கார் விபத்தில் போய் எட்டு மாதம். அதன்பின் அவள் எந்த வண்டியையும் ஓட்டவில்லை, முடிந்தவரை ஏறவும் இல்லை. நகரத்தின் விளிம்பிலிருந்த அவள் வீட்டிலிருந்து ஒரு பாக்கெட் பால் வாங்கக்கூட வண்டி வேண்டும். "நடந்தே எல்லாம் முடியற இடமா ஒரு வீடு பாக்கலாம்டி. இப்படியே ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தா எப்படி?" என்று அக்காதான் ஆரம்பித்தாள். அக்காதான் வாத்தியார் வீட்டு வாசலில் தொங்கிய 'மாடி வாடகைக்கு' பலகையைப் பார்த்தாள். அவரிடம் பேசினாள். தங்கைக்குப் பேட்டையைச் சுற்றிக் காட்ட இந்தத் தரகரையும் பிடித்தாள். தங்கை செய்ததெல்லாம் பஸ் ஏறி வந்தது மட்டும்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மருந்துக்கடை நிறுத்தத்தில் இறங்கியபோது தரகர் காத்திருந்தார். வாயெல்லாம் பல்.

"வாங்க மேடம், வாங்க. இந்தப் பேட்டைல வீடு எடுத்தா கால் தேயும், காசு தேயாது." சொல்லிக்கொண்டே மருந்துக்கடையின் வெள்ளைப் படியில் வலது காலைத் தூக்கி வைத்து ஷூ நாடாவை இறுக்கினார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த எட்டு மாதத்தில் அவள் கண் மனிதர்களின் முழங்காலுக்கு மேலே போவதில்லை. கால் எடுத்த இடத்தில் ஈரமாக ஒரு ஊதாக் கறை. பார்த்தாள், அவ்வளவுதான். பார்த்தது எதுவும் உள்ளே போய்ச் சேர்வதில்லை.

வாய்க்கால் பாலத்தருகே தரகர் கையை நீட்டினார். "அதோ போறார் பாருங்க, அவர்தான் உங்க ஹவுஸ் ஓனர்! வாத்தியார்! காலைல இப்படி ஒரு சுத்து போகலைன்னா அவருக்குச் சாப்பாடு இறங்காது. கைத்தடி தெரியுதா?"

"ம்," என்றாள்.

பிறகு நூலகம், காய்கறிச் சந்தை, பெஞ்சு போட்ட பூங்கா, இரண்டு ரொட்டிக் கடை, ஒரு பல் டாக்டர். "எல்லாமே கூப்பிடு தூரம் மேடம்." எல்லாவற்றுக்கும் "ம்". கடைசியாக இந்தச் சந்து. சந்தின் கோடியில் வாத்தியார் வீடு. வாசலை முழுக்க மூடிக்கொண்டு ஒரு மல்பெரி மரம். தரையெல்லாம் உதிர்ந்த பழம். தாண்டிப் போக வழியில்லாமல் இருவரும் மிதித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

தகவல் போனதும் உள்ளூர் ஸ்டேஷன் எஸ்.ஐ. டாக்டரோடு வந்து சேர்ந்தார். இளைஞர். அவளை அடையாளம் கண்டதும் விறைத்து ஒரு சல்யூட்.

"நான் லீவுல இருக்கேன்," என்றாள். "வீடு பாக்க வந்தேன்."

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். பின்மண்டையில் பலமான அடி. விழுந்திருக்கலாம். அடிபட்டும் கொஞ்ச தூரம் நடந்து வந்து, உட்கார்ந்து, அப்புறம் போயிருக்கலாம். இறந்து ஒரு மணி நேரமும் ஆகியிருக்கலாம், இரண்டும் ஆகியிருக்கலாம்.

எஸ்.ஐ. தரகரிடம் திரும்பினார்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஒன்பதே காலுக்கு சார். பாலத்துல. வாக்கிங் போயிட்டிருந்தார்."

"கூட யாராவது பாத்தாங்களா?"

"மேடமே பாத்தாங்களே!"

எஸ்.ஐ. அவளைப் பார்த்தார். அவள் தலை தானாக அசைந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

"அப்போ சரிதான் மேடம். வாக்கிங்ல எங்கேயோ தடுக்கி விழுந்திருக்கார். வயசானவர், யார்கிட்டயும் சொல்லாம எழுந்து வந்துட்டார். ஷூவைக் கழட்டக்கூடத் தெம்பில்லை, பாவம்."

அவள் சமையலறைக்குப் போனாள். தாகமில்லை. சும்மா நின்றாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் தரை துடைக்கும் துணி ஒன்று ஈரத்தோடு சுருண்டு கிடந்தது. திரும்பி முன்னறைக்கு வந்தபோது கண் வழக்கம்போலக் கீழேதான் போனது. தரையில் ஊதாத் தடங்கள். அவளுடையது, தரகருடையது, டாக்டருடையது, எஸ்.ஐ.யுடையது. நாற்காலியில் இருந்தவரின் கால்கள் நீட்டியிருந்தன. இரண்டு ஷூவின் அடிப்பாகமும் நன்றாகத் தெரிந்தது.

நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வெளியே வந்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் மிஷினை நிறுத்திவிட்டு, வாயில் முந்தானையோடு தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தார்.

"காலைல அவர் வெளிய போனதைப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. நான் வந்து ஜன்னலைத் திறக்கவே ஒன்பதரை ஆகும். அவர் எட்டு மணிக்குக் கிளம்பிடுவார், ஒன்பதரைக்குத் திரும்பி வந்து, 'என்ன, ஊசிக்கு விடிஞ்சுதா?'ன்னு ஒரு கேலி. இன்னிக்கு வரலை. நானும் நீங்க வீடு பாக்க வர்றதால உள்ள ஒழுங்குபண்ணிட்டிருப்பார்னு நினைச்சேன்."

"பின்வாசல் உண்டா?"

"எங்கே? பின்னாடி வாய்க்கால் சுவர்தான். வர்றதும் போறதும் இந்த மரத்தடில தான்."

"இந்தப் பழம் தினம் இப்படிக் கொட்டுமா?"

"ஐயோ, நேத்து சாயங்காலம்கூட நானே பெருக்கினேன், வெறும் இலைதான். ராத்திரி ஒரு காத்து அடிச்சுது பாருங்க. இந்த வருஷத்துக்கு இதான் முதல் உதிர்ப்பு. இனிமே ஒரு மாசத்துக்குக் கண்ட துணியிலும் கறைதான். பேட்டைல வேற எங்கேயும் இந்த மரம் கிடையாது, என் தலைல எழுதியிருக்கு."

அவள் எஸ்.ஐ.யைக் கூப்பிட்டாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"நான் பாத்தேன்னு எழுதினீங்களே, அதை அடிச்சிடுங்க."

"மேடம்?"

"பாலத்துல ஒரு முதுகு போச்சு. கைல ஒரு குச்சி. அது வாத்தியார்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அவரை அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லை. இவர் காட்டினார், நான் தலையாட்டினேன்."

தரகர் தையல்காரம்மா கொடுத்த தண்ணீர்ச் செம்போடு திண்டில் உட்கார்ந்திருந்தார். "என்ன மேடம், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நான் தினம் பாக்கற மனுஷர் அவர்."

"வாத்தியார் இன்னிக்கு வெளிய போகவே இல்லை," என்றாள் எஸ்.ஐ.யிடம். "போய் அவர் ஷூவோட அடியைப் பாருங்க. காய்ஞ்ச மண் இருக்கு. ஒரு சொட்டு ஊதா இல்லை. இந்த வாசலைத் தாண்டின யாருக்கும் அது முடியாது. வீட்டுக்குள்ள அடிபட்டிருக்கார். செத்த பிறகு யாரோ நாற்காலில உக்காரவச்சு ஷூ மாட்டியிருக்காங்க. வாக்கிங் போயிட்டு வந்தார்னு நாம நம்பணும்னு."

எஸ்.ஐ. உள்ளே ஓடிப்போய்த் திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது.

"சமையலறைத் தொட்டில ஒரு துணி இருக்கும். விரிச்சுப் பாருங்க."

விரித்தார்கள். நடுவில் ஊதா.

"வாத்தியார் வெளிய போகலை. நாங்க பத்து மணிக்கு மேலதான் வந்தோம். எங்க தடம் தரையிலேயே இருக்கு. அப்போ துடைச்சு எடுத்தது யாரோட தடம்?" தரகர் பக்கம் திரும்பினாள். "நீங்க காலைல எங்கிருந்து வந்தீங்க?"

"வீட்டுலேருந்து. பஸ்ல. நேரா மருந்துக்கடை ஸ்டாப்."

"இந்தச் சந்துக்கு?"

"உங்களோடதான் வந்தேன். அதுக்கு முன்னாடின்னா போன வாரம்."

"நிச்சயமா?"

"சத்தியமா மேடம்." காலைத் தூக்கிக் காட்டினார். சிரிக்கக்கூட முயன்றார். "கறையைப் பாக்கறீங்களா? நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே மிதிச்சோம்?"

"ஆமா. பத்து மணிக்குச் சேர்ந்துதான் மிதிச்சோம். ஆனா ஒன்பது மணிக்கு மருந்துக்கடைப் படில காலை வச்சு நாடா கட்டினீங்க. வெள்ளைப் படி. அப்பவே கறை விழுந்துது. ஈரமா."

செம்பு கையிலேயே நின்றது.

எஸ்.ஐ. ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். கூப்பிடு தூரம்தானே. சற்று நேரத்தில் போனில் படம் வந்தது. வெள்ளைப் படி, அதில் ஒரு ஷூவின் முன்பாதி, காய்ந்த ஊதாவில். தரகரின் வலது ஷூ அடியிலிருந்த கோடுகளோடு வைத்துப் பார்க்க அங்கே யாருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.

"தவளை தன் வாயால கெடும்பாங்க," என்று முணுமுணுத்தார் எஸ்.ஐ. "இவன் காலால கெட்டான்." யாரும் சிரிக்கவில்லை.

தரகர் பேசத் தொடங்கியபோது சின்னக் குரலாக இருந்தது. இந்தச் சந்திலுள்ள வீடுகளை மொத்தமாக வாங்கி இடித்து, அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்ட ஒரு கம்பெனி நிற்கிறது. எல்லாரையும் சம்மதிக்க வைத்தாகிவிட்டது. வாத்தியார் ஒருவர்தான் பாக்கி. அவர் மாடியை வாடகைக்கு விடப்போகிறார், அதுவும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு என்று தெரிந்ததும் தரகருக்குத் தூக்கம் போயிற்று. காலை எட்டு மணிக்கு முன்பே வந்து கெஞ்சினார்.

"சிரிச்சார் மேடம். 'போலீஸ்காரம்மா மாடில இருக்கட்டும், அப்புறம் எவன் வந்து இடிக்கறான்னு பாக்கறேன்'னார். சொல்லிட்டு மாடிப்படி ஏறத் திரும்பினார். உங்களுக்காக மாடியைத் திறந்துவைக்கப் போறாராம். நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். இழுக்கத்தான் செஞ்சேன். படியோட கல் விளிம்புல..."

"டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே?"

தரகர் செம்பைக் கீழே வைத்தார்.

"அப்புறமா என்னைச் சாட்சியாக்கினீங்க. போலீஸ்காரியை. பயமா இல்லையா?"

அவர் முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "உங்க அக்காதான் போன்ல சொன்னாங்க. 'என் தங்கச்சிக்கு எதைக் காட்டினாலும் சரின்னு தலையாட்டுவா. அவ நிலைமை அப்படி. நீங்கதான் பாத்து நல்லதா முடிச்சுக் குடுக்கணும்'னு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடம் அது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் முற்பகலில் வாத்தியாரின் மகள் ரயிலில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். அழவில்லை. எங்கே கையெழுத்து, எங்கே உடல், எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் முடித்தாள். இன்ஸ்பெக்டருக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். தினம் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

ஸ்டேஷன் வாசலில் மகள் கேட்டாள். "மாடி உங்களுக்கு வேணுமா அக்கா? நான் விக்கப் போறதில்லை. அப்பா விருப்பம் அது."

"தெரியலைம்மா. நான் இன்னும் இந்தப் பேட்டையைப் பாக்கவே இல்லை."

"நானும்தான். அஞ்சு வருஷமா 'வா, ஒரு சுத்து போகலாம்'னு கூப்பிடுவார். வர்ற ரெண்டு நாள்ல எங்கே நேரம்?" கொஞ்சம் நிறுத்தினாள். "எந்தப் பக்கமா போவார்னுகூட எனக்குத் தெரியாது."

தையல்காரம்மாவுக்குப் பாதி வழி தெரிந்திருந்தது. வாய்க்கால் கரை வழியாகப் போய், நூலகத்தின் பின்புறம் திரும்பி, சந்தைக்குள் நுழைவாராம். அதற்கப்புறம் தெரியாது. பெண்கள் இருவரும் நடந்தார்கள். கரையில் இரண்டு பேர் வலைக்கூடை கழுவினார்கள். நூலகத்தின் பின்சுவரில் கொடி படர்ந்திருந்தது.

சந்தை முடியும் இடத்தில் ஒரு பேப்பர் கடை. கடைக்காரர் மகளை உற்றுப் பார்த்தார்.

"நீங்க வாத்தியார் பொண்ணுதானே? போட்டோ காட்டியிருக்கார். அதே மூக்கு!" மடித்து வைத்திருந்த ஒரு நாளிதழை எடுத்து நீட்டினார். "ரெண்டு நாளா ஆளையே காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா? நேத்துப் பேப்பர்கூட எடுத்து வச்சிருக்கேன்."

மகள் வாயைத் திறந்தாள். ஒலி வரவில்லை. இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்ல வேறு யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர்தான் சொன்னாள்.

"இறந்துட்டார்."

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் ஒரு தரமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில், அலுவலகத்தில், அக்காவிடம், எங்கேயும் "அவர் இல்லை" என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது அது தெருவில், வெயிலில், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் வந்து விழுந்தது. அவள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். மகள் அவள் தோளில் முகம் புதைத்து விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள்.

கடைக்காரர் பதறிப்போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு உள்ளே போய் இன்னொரு ஸ்டூலும் கொண்டுவந்தார்.