ஒட்டாமல் விட்ட மூலை

சொல்னோக்கிலிருந்து வரும் சாயங்கால ரயில் கடந்துபோனது. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் வழக்கம்போல நடுங்கின, சூப் கிண்ணத்தில் கரண்டி கிலுகிலுத்தது, தரையின் அதிர்வு செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறியது. ரயிலின் சத்தம் மட்டும் வரவில்லை. வெண்டெல் தலையைத் தூக்கினார். கல்யாணமான நாளிலிருந்து ஹங்கேரியின் செக்லேட் ஊரில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர். அந்த ஊளை இல்லாமல் ஒரு சாயங்காலமும் போனதில்லை. நவம்பர் மூடுபனி சத்தத்தை விழுங்கியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுபடி மேசைமேல் குனிந்தார்.

மேசையில் அன்று காலை வாங்கிய அட்டை கிடந்தது. அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் கூடாரக் கூரை போட்ட சதுர வீடு ஒன்று, சாம்பல் நிற டிரபான்ட் கார், சிவப்பு தீயணைப்பு வண்டி. ஒரு காலத்தில் புகையிலைக் கடைகளில் தொங்கிய மலிவுச் சாமான். பிள்ளைகள் வாங்கின கையோடு கிழித்துவிடுவார்கள் என்பதால், பிரிக்காத அட்டை கிடைத்தால் இன்று வளர்ந்த மனிதர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பிரித்துவிட்டால் அது வெறும் பொம்மை. அந்தச் சதுர வீடு தன் வீட்டைப் போலவே இருந்தது வெண்டெலுக்கு விசேஷமாகப் படவில்லை. ஹங்கேரியில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீட்டில்தானே குடியிருக்கிறார்கள்.

விற்றவள் திருமதி குல்சார். அவள் புருஷன் கார் கொட்டகையில் அச்சு வைத்து இந்தப் பொம்மைகளை வார்த்தவன். செத்துப் பல காலம் ஆகிவிட்டது. குமிழின் ஒரு மூலை தீக்குச்சி நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது.

“அந்த மூலைய மட்டும் ஒட்டிடாதீங்க தம்பி.”

“ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்குப் பசை தீந்துபோச்சா?”

“சிரிக்காதீங்க. எல்லா அட்டையிலயும் ஒரு மூலைய விட்டுத்தான் வைப்பாரு. உள்ள மூச்சு விடணும்பாரு.”

சூடான பிளாஸ்டிக்கின் ஆவி வெளியேறத்தான் என்று வெண்டெல் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை புடாபெஸ்டில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். தூக்கிய மூலையைப் பார்த்தால் ‘யாரோ பிரிச்சுப் பார்த்திருக்கான்’ என்று மூக்கைச் சுளிப்பார்கள். இதற்கு எல்லோரும் செய்கிற, ஒருவரும் ஒப்புக்கொள்ளாத வைத்தியம் ஒன்று உண்டு: ஊசி முனையில் ஒரு சொட்டுப் பசை. மதியச் சாப்பாடு முடிந்ததும் வைத்து அமுக்கிவிட்டார். அவர் கை எப்போது சும்மா இருந்திருக்கிறது?

இப்போது குமிழ் வேர்த்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. ஈரம் உள்பக்கம்.

“வெண்டெல்!” படுக்கையறையிலிருந்து மனைவி ஷரோல்தாவின் குரல். வசந்தத்தில் நிமோனியா வந்து பிழைத்தவள். இன்னொரு முறை வந்தால் இந்த நுரையீரல் தாங்காது என்று டாக்டர் அவரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். “ஜன்னலத் திறயேன். சூப் வாடை நெஞ்ச அடைக்குது.”

“குளிரு உள்ள வந்துடும்டி.”

“வரட்டும். உன் பொம்மைங்களுக்கு ஒண்ணும் சளி பிடிக்காது.”

ஜன்னல் திறக்கவில்லை. கொக்கி கழன்றது, சட்டம் அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே மூடுபனி. அதில் தெருவிளக்கும் இல்லை, எதிர் வீடும் இல்லை. காலையில் வைத்த பீன்ஸ் சூப்பின் மிளகாய்த்தூள் வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல எழும்பி வந்தது. புதிதாக வார்த்த பிளாஸ்டிக்கின் தித்திப்பான, சற்றே வெதுவெதுப்பான வாசனை. கேஸ் கசிகிறதோ என்று ஓடிப்போய் ஹீட்டரை அணைத்தார். வாசனை குறையவில்லை. வாசல் கதவில் சாவி சுலபமாகத் திரும்பியது. கதவு அசையவில்லை. கைபேசியில் சிக்னலே இல்லை.

“வெண்டெல்... மூச்சு முட்டுதுப்பா.”

கேலி போய்விட்ட குரல். அதுதான் அவரை உலுக்கியது. சுத்தியலை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். கண்ணாடி உடையவில்லை. உள்வாங்கியது. பிறகு டொப்பென்று மறுபடி நிமிர்ந்துகொண்டது.

அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ குமிழ்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவர்.

மேசைக்குத் திரும்பினார். உள்ளே ஈரம் துளித்துளியாக வழிந்துகொண்டிருந்தது. புரிந்துவிட்டது. எப்படி, ஏன் என்றெல்லாம் இல்லை. ஒட்டிய மூலையைத் திறக்க வேண்டும் என்று மட்டும் புரிந்தது. அப்போதும் மனசு கத்தியைத் தேடவில்லை. வெட்டினால் அட்டை போச்சு. ஆவி காட்டினால் பசை இளகும், தடம் தெரியாது. கெட்டிலைப் போட்டார். மூலையை அதன் மூக்கருகில் பிடித்தார்.

சுவர்கள் வேர்த்தன. கூரையிலிருந்து வெந்நீர் சொட்டியது.

“ஐயோ, சுடுதே! வெண்டெல்!”

கெட்டிலைத் தட்டிவிட்டார். தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஷரோல்தா அங்கே மூச்சுக்குத் தவிக்கிறாள், நான் இங்கே அட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். இழுப்பறையைத் திறந்து, அட்டை சீவும் கத்தியை எடுத்தார். கனமான இரும்புப் பிடி, மெல்லிய அலகு.

ஆனால் கை பழக்கத்தை விடுமா? அட்டையின் இடது பக்கம் சிரிக்கிற சூரியன் அச்சிட்டிருந்தது, கீழே குல்சாரின் முத்திரை. வலது பக்கம் வெறும் நீல வானம். வலது பக்கம் வெட்டினால் படம் தப்பும். யோசிக்கக்கூட இல்லை. வலது ஓரத்தில் முனையை வைத்து அழுத்தினார்.

பழைய பிளாஸ்டிக். டப்.

தலைக்கு மேலே, வலது பக்கம், ஏதோ பிளந்தது. படுக்கையறையில் சுண்ணாம்பு கொட்டும் சத்தம்.

மேசையிலிருந்தே, திறந்த கதவு வழியாகப் பார்த்தார்.

கட்டிலுக்கு மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு தகடு இறங்கியிருந்தது. ஆள் உயரம். பளபளப்பாக, ஒரு பக்கம் கூராக. தான் துளைத்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு நின்றது. காற்று வரவில்லை.

கத்தியை மயிரிழை பின்னுக்கு இழுத்தார். குமிழில் விரிசல் ஒன்று ஓடியது. அங்கே கூரையில் கறுப்புக் கோடு ஒன்று தலையணைக்கு நேர் மேலே வரை ஓடி நின்றது. தகடு ஒரு முழம் சரிந்தது.

இழுக்கக்கூடாது. அழுத்தக்கூடாது. கையை விட்டால் கத்தி பிடியின் கனத்தில் சாய்ந்துவிடும்.

“ஷரோல்தா, உருண்டு வா! கட்டில விட்டு இறங்கு!”

அவளால் முடியவில்லை. கண் மட்டும் மேலே பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. வாய் காற்றுக்காகத் திறந்தது, மூடியது, திறந்தது.

வெண்டெலின் மணிக்கட்டு வலித்தது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்தார். போதவில்லை.

கை நடுங்கத் தொடங்கியது. அவள் முகத்துக்கு மேலே தகடும் நடுங்கியது.