நீர்த்தாழின் இரண்டாம் பல்

மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. வெள்ளைமடை உப்பளத்தில் எண்பத்து நான்கு பேரின் தோளெலும்புக்குக் கீழேயும் ஒரே நேரத்தில் ஒரு சின்ன அதிர்வு. தாழ் இளகிவிட்டது. பகல் பூராவும் உடம்பு பூட்டிவைத்த தண்ணீர் இன்னும் கால்மணியில் இறங்கத் தொடங்கும். அதற்குள் கழிப்பறை வரிசையில் இடம் பிடிக்க வேண்டும். ஓடக் கூடாது என்று அளத்தில் விதி இருந்தது. அதனால் யாரும் ஓடவில்லை. ஆனால் அந்தப் போக்கை நடை என்று சொல்லவும் முடியாது.

"ஏட்டி வடிவு, கலியாணப் பந்திக்குக்கூட நான் இப்படி முண்டியடிச்சது கிடையாது," என்றாள் ஆவுடைத்தாய்.

"பந்தியில எடம் கெடைக்கலன்னா பட்டினியோட போயிரும் மைனி. இது அப்படியா?" என்றாள் சுடலைவடிவு. அவள் அண்ணன் பெண்டாட்டிதான் ஆவுடைத்தாய். இரண்டு பேரும் ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவர்கள்.

நீர்த்தாழ் வந்து ஆறு வருடமாகிறது. புளியங்கொட்டை அளவு இருக்கும். தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். மூளைக்குக் கீழே ஒரு சின்னச் சுரப்பி எல்லோருக்கும் உண்டு. உடம்பில் தண்ணீர் குறைந்தால் அது ஒரு சாறை விட்டு, "வெளியே விடாதே, திருப்பி இழு" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். தாழ் அதே சாறை அளந்து விடும். பகலில் கூடுதலாக, சாயங்காலம் உடம்புக்கு வேண்டிய அளவாக. பாத்திகளுக்கு நடுவே நிற்கும் தாழ்க்கோபுரம்தான் எல்லாத் தாழுக்கும் சாவி. இரண்டு தம்ளர் தண்ணீரில் ஒரு ஆள் பொழுது பூராவும் வெயிலில் நிற்கலாம். ஒதுங்கவும் வேண்டியதில்லை.

இதற்கு முதலில் கழுத்தை நீட்டியவர்கள் பெண்கள்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பாத்தி. மறைய ஒரு செடி கிடையாது. அடக்கி அடக்கி அடிவயிற்றில் தீப்பிடித்த மாதிரி வேலை பார்த்தவர்களுக்குத் தாழ் ஒரு விமோசனமாகத்தான் வந்தது. இதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

குறை வேறொன்றில் இருந்தது. கோபுரத்தின் எல்லையைத் தாண்டி ஒரு நாளுக்கு மேல் இருந்தால் தாழ் அடியோடு திறந்துகொள்ளும். திறந்தால் தாகத்தில் செத்துப்போவாய் என்று சொல்லிவைத்திருந்தார்கள். மேனேஜர் பயமுறுத்துகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனாலும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தகப்பனார் செத்தபோதுகூட ஆவுடைத்தாய் காலையில் போய் மண்ணள்ளிப் போட்டுவிட்டு இருட்டுமுன் திரும்பி வந்தாள்.

வடிவின் மகள் சந்தனமாரி கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வயிற்றில் மூன்று மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். குடி தண்ணீரை அளந்து ஊற்றுகிற இந்த அளத்துக் குடியிருப்புக்கா? அதைவிடத் தானே போய் மகள் பக்கத்தில் இரண்டு மாதம் கிடப்பது என்று வடிவு முடிவு செய்தாள். அங்கே அவளைப் பார்க்க ஆள் கிடையாது.

அந்த வைராக்கியத்தில்தான் வேலைநிறுத்தத்துக்கு அவள் முன்னால் நின்றாள். எண்பத்து நான்கு பேரும் உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு பேச்சுதான்," என்றாள் வடிவு மேனேஜரிடம். "எங்க தாழ அடியோட தெறந்து விடுங்க. வேல பாக்கோம், மாட்டேங்கல. தாழ் வேண்டாம்."

மேனேஜர் வாக்குவாதமே செய்யவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில், "கேட்டபடி திறந்தாச்சு" என்று மட்டும் சொன்னார்கள். தட்டுமேட்டில் குலவை கேட்டது.

ஒன்பது மணிக்கு வரிசை நின்றது. பத்து மணிக்குப் போனவர்களே மறுபடி நின்றார்கள். போனது மூத்திரம் மாதிரியே இல்லை, பச்சைத் தண்ணீர். குடித்ததெல்லாம் நேராக இறங்கிப் போனது. பன்னிரண்டு மணிக்குக் குடியிருப்பில் இருந்த குடங்களெல்லாம் காலியாகிக் கவிழ்ந்தன. இரண்டு மணிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு யாருக்கும் பேச்சு வரவில்லை. ஒரு பக்கம் கடல், மூன்று பக்கமும் உப்புநீர்ப் பாத்தி. எங்கே பார்த்தாலும் தண்ணீர். சிலர் அதை வெறித்துப் பார்க்க ஆரம்பித்தபோது வடிவு எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள்.

அளத்து டாக்டர் ஜெயசீலி சின்னப் பெண். கதவைத் திறந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைத்தான் முதலில் நீட்டினாள்.

"உங்க சுரப்பி தூங்கிடுச்சும்மா. ஆறு வருஷமா அது வேலையை வேற ஒண்ணு பார்த்தா அது ஏன் முழிச்சிருக்கும்?"

"எழுப்ப முடியாதா?"

"எழுப்பலாம். தாழைத் திறந்தே வச்சு நாற்பது நாள் தாக்குப்பிடிச்சா அதுவா முழிக்கும். மருந்து குடுத்தா திரும்பத் தூங்கும். தண்ணி மட்டும்தான் வழி. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு இருபது லிட்டர். நல்ல தண்ணி."

இருபது லிட்டர் நல்ல தண்ணீர் அந்தக் கடற்கரையில் அந்தக் காலத்தில் யாரிடமும் கிடையாது. தாழ் வந்த பிறகு லாரித் தண்ணீரும் பாதியாகிவிட்டது. வெளியே ஒருவன் தலைகுப்புற விழுந்த சத்தம் கேட்டது.

"பூட்டச் சொல்லுங்க," என்றாள் வடிவு. சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்று நாள் அவளோடு யாரும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் ஆவுடைத்தாய் கஞ்சித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏட்டி, தாழு பூட்டியிருந்தா நமக்குத் தண்ணி கொஞ்சம் போதும்லா? ஆளுக்கு ஒரு தம்ளரு கொறச்சிக்கிட்டா இருபது லிட்டரு வந்துருமே. ஒரு ஆளத் தெறந்து விட்டுறலாம். அடுத்தாப்பல இன்னொரு ஆளு."

எண்பத்து மூன்று பேர் பூட்டிக்கொண்டு ஒருவரைத் திறப்பது. ஆளில்லாத பாத்திக்கு மற்றவர்கள் ஈடுகட்டிக்கொண்டால் சரி என்று கம்பெனியும் ஒத்துக்கொண்டது. சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு பால்துரைக்கு விழுந்தது. வடிவுக்கு ஒன்பது. ஆவுடைத்தாய்க்கு எழுபத்தேழு.

பால்துரை நாற்பது நாள் குடிசைக்குள்ளேயே கிடந்தான். குடிப்பதும் போவதுமே பிழைப்பு. ஒவ்வொருவராக வந்து தங்கள் தம்ளரைக் குடத்தில் ஊற்றிவிட்டுப் போனார்கள். கண் குழி விழுந்தவன் முப்பதாம் நாள் அழுதான். "உங்க தாகத்தையெல்லாம் நான் குடிக்கேன்," என்றான். நாற்பதாம் நாள் காலையில் கழிப்பறையிலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"மஞ்சளாப் போவுது! ஏ, எல்லாரும் வாங்க, மஞ்சளாப் போவுது!"

சுரப்பி முழித்துவிட்டது. கல்யாண வீடு மாதிரி கூடிவிட்டார்கள். "மாப்பிள்ளைய விட்டுட்டு மூத்திரத்தப் பாக்க வந்த கூட்டத்த இங்கதான் பாக்கேன்," என்று ஆவுடைத்தாய் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பால்துரை எல்லையைத் தாண்டிப் போனான். அவன் சாகவில்லை என்று மூன்றாம் நாள் சேதி வந்தது.

அப்புறம்தான் எல்லோரும் விரலை மடக்கி நாளை எண்ணினார்கள். ஒருவருக்கு நாற்பது நாள். வடிவு வெளியே போக இன்னும் முந்நூற்று இருபது நாள். சந்தனமாரியின் பிரசவத்துக்கு நாலரை மாதம்தான் இருந்தது. இரண்டாம் சீட்டுக்காரன் சங்கிலிப்பாண்டியிடம் மாற்றிக் கேட்கலாமென்று போனாள். அவன் பக்கவாதத்தில் கிடக்கும் தாயின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். தாய் ஓட்டப்பிடாரத்தில் இருந்தாள். வடிவு கேட்காமலே திரும்பிவிட்டாள்.

வழி அவளுக்குத்தான் தோன்றியது. தாழ் இன்னும் கொஞ்சம் இறுகினால் பகல் இரவு சேர்த்து ஆளுக்கு மூன்று தம்ளர் மிச்சம் பிடிக்கலாம். ஒரே நேரத்தில் மூன்று பேரைத் திறக்கலாம். அப்படியானால் ஒன்பதாம் சீட்டு மூன்றாவது கூட்டத்தில் வந்துவிடும். நூற்றிருபதாம் நாள் அவள் கோவில்பட்டி பஸ்ஸில் இருப்பாள். கூட்டத்தில் சொன்னபோது ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. எல்லோருக்கும் போக ஓர் ஊர் இருந்தது.

வடிவு பேச, ஆவுடைத்தாய் துணைக்கு வர, பின்னால் எழுபது எண்பது பேர் நிற்க, மத்தியான வெயிலில் டாக்டர் வாசலுக்குப் போனார்கள்.

"தாழ இறுக்கணும்," என்றாள் வடிவு.

ஜெயசீலி காதில் சரியாக விழாதவள் போலப் பார்த்தாள். "நீங்கதானேம்மா திறக்கச் சொல்லிச் சண்டை போட்டீங்க?"

"தெறக்கத்தான் இறுக்கச் சொல்லுதேன்."

டாக்டர் மெதுவாகச் சொன்னாள்: "தாழுக்கு இரண்டாம் பல் ஒண்ணு இருக்கு. அதுல வச்சா உள்ளே போன தண்ணி வெளியே வராது. வெயில் தாங்காம ஒரு சொம்பு கூடக் குடிச்சீங்கன்னா அது ரத்தத்துல இருக்கிற உப்பைக் கரைச்சிடும். மூளை வீங்கும். வலிப்பு வரும். யாராவது மயங்கி விழுந்தா நீங்க என்ன செய்வீங்க? ஓடிப்போய் தண்ணி குடுப்பீங்க. அந்தத் தண்ணியிலயே உயிர் போயிடும்."

"உப்பளத்துல கெடந்து உப்பில்லாமச் சாவணுமாக்கும்," என்றாள் ஆவுடைத்தாய்.

வடிவு பின்னால் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் யாரும் கலையவில்லை. தான் பேசாமல் திரும்பினாலும் இவர்களில் வேறு யாராவது பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அது ஆறுதலாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

"ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுதோம். கூடக் குடிக்க விடமாட்டோம்," என்றாள்.

ஜெயசீலி மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தாள். ஓரம் பழுத்து, எலி கடித்த தாள்கள். எண்பத்து நான்கு பேரின் பெயரும் அச்சாகியிருந்தது. தன் பெயரை வடிவு எழுத்துக்கூட்டிப் படித்தாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"இது எப்ப அடிச்சது?"

"ரெண்டு வருஷமாச்சு. இரண்டாம் பல்லுக்குத் தொழிலாளி சம்மதம் வேணும்னு சட்டம் இருக்கு. கேட்டா நீங்க கலவரம் பண்ணுவீங்கன்னு கம்பெனி கேட்கவே இல்ல." டாக்டர் தாளைத் தடவி நேராக்கினாள். "வேண்டாம்னா இப்பவே கிழிச்சிடறேன். சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கிழிச்சிடறேன்."

வடிவு கையை நீட்டினாள். டாக்டர் பேனாவைக் கொடுக்காமல் விரலுக்குள்ளேயே வைத்திருந்தாள். வடிவுதான் இழுத்து வாங்கினாள்.

பின்னாலிருந்து ஆவுடைத்தாய் எட்டித் தலையை நீட்டினாள். மூன்று பேராகத் திறந்தாலும் எழுபத்தேழாம் சீட்டுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். அதை அவள் வரும் வழியிலேயே விரலில் எண்ணி முடித்திருந்தாள்.

"ஏம்மா," என்று டாக்டரைப் பணிவாகக் கேட்டாள், "மூணாம் பல்லு ஒண்ணு இருக்கா?"